எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: காந்த அறைக்குள் போகும் முன்



இந்த இதழின் சுகாதாரப் பாடத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் செய்த ஒரு பிழைதான் அந்தக் காரணம். முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போவோம்.

நம் தோட்டத்துக்கு மருமகனாக வந்தவர் ஒருவர் இருக்கிறார். பிறந்த ஊர் திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் பக்கம் இருக்கும் இலங்கைத்துறை. கடலும் களப்பும் சேரும் முகத்துவாரத்து ஊர். சின்ன வயதில் வலை இழுத்தவர், இப்போது நம் ஸ்டோரில் கொழுந்துச் சாக்குத் தூக்குகிறார். போன வருஷம் இடுப்பில் பிடித்த வலி இடது கால் பெருவிரல் வரை இறங்கி, கால் மரத்துப் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி வைத்தியர் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதிக் கொடுத்தார். திகதி கிடைக்க மாதக் கணக்கில் காத்திருந்தார். அந்த நாள் வந்ததும் நலன்புரி அலுவலகத்திலிருந்து நாங்களும் கூடவே போனோம்.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். நாங்களே வாசித்துக் கேட்டோம்: “உங்க உடம்புல உலோகம் ஏதும் இருக்கா?” அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, “செயினக் கழட்டிட்டன் சேர், இல்ல” என்றார். ‘இல்லை’ என்ற கட்டத்தில் நாங்களே அடையாளம் போட்டோம். அவரும் கையெழுத்து வைத்தார்.

உள்ளே கூப்பிடும் நேரம் படம் எடுக்கும் உத்தியோகத்தர் வெளியே வந்தார். தமிழ் தெரிந்தவர். படிவத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தவர், “இலங்கைத்துறையா? தம்பி, உங்களுக்கு எப்பவாவது வெடி பட்டிருக்கா? ஷெல் துண்டு ஏதும்?” என்று கேட்டார். இவர் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், “ஓம்” என்றார், சத்தமே வராமல்.

2006இல் மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் சண்டையில் அகப்பட்டுச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது இவர் பள்ளிக்கூடப் பையன். முதுகிலும் தொடையிலும் துண்டு பட்டது. ஒன்றை எடுத்தார்கள். மற்றதைத் தோண்டினால் நரம்புக்கு ஆபத்து என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு தழும்பைக் காட்டினால் ஆயிரம் கேள்வி வரும் என்று பயந்து சட்டையை மூடி மூடிப் பழகியவர். கட்டிய மனைவிக்குத் தவிர நம் லயத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

உத்தியோகத்தர் அவரை அறைக்குள் விடவில்லை. நாங்கள் கேட்ட கேள்வி பிழையானது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ‘உலோகம்’ என்று கேட்டால் நம் சனத்துக்குத் தங்கச் செயினும் மெட்டியும்தான் ஞாபகம் வரும். பதினெட்டு இருபது வருஷமாகச் சதைக்குள் கிடப்பது யாருக்கு நினைவில் நிற்கும்? நின்றாலும், சொல்லத் துணிவு வேண்டாமா?

காந்தத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் ஒருவகைக் கதிர்களால் எடுக்கும் படங்கள். எம்.ஆர்.ஐ. அப்படியல்ல, அதில் அந்தக் கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான் அங்கே வேலை செய்கின்றன. தமிழில் காந்தப் பரிவுப் படம் எனலாம்.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஐதரசன் அணு இருப்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த அணுவின் நடுக்கரு ஒவ்வொன்றும் சுழலும் பம்பரம் போன்றது, அதோடு மிகச் சின்னக் காந்தமும் ஆகும். சாதாரண நேரத்தில் அவை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்தால் அவற்றில் மிகச் சிறு பங்கு, பத்து லட்சத்துக்கு ஒருசில என்ற கணக்கில், மற்றவற்றைவிட அதிகமாகக் காந்தத்தின் திசைக்குச் சாயும். இவ்வளவுதானா என்று நினைக்கவேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை நம் கணக்குக்கு அடங்காது. ஆகவே அந்தச் சிறு பங்கே போதும்.

இனி ரேடியோ அலை. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைச் சரியான நேரம் பார்த்துத் தட்டினால் கொஞ்சம் பலத்திலேயே ஊஞ்சல் உயரும். நேரம் தவறித் தட்டினால் கைதான் வலிக்கும். இதைத்தான் பரிவு என்கிறார்கள். 1.5 டெஸ்லா பலமுள்ள காந்தத்தில் ஐதரசன் கரு கேட்கும் ‘தட்டு’ சுமார் 64 மெகாஹேர்ட்ஸ். நம் வீட்டு எஃப்.எம். ரேடியோ பிடிப்பது 88 முதல் 108 வரை. அதாவது பக்கத்து வீட்டு அலைதான். அந்த அலையைக் கொடுத்து நிறுத்தினால் கருக்கள் திரும்பத் தம் நிலைக்கு வரும், வரும்போது ஒரு சன்னமான ரேடியோ ஒலியைத் திருப்பி அனுப்பும். மெஷின் கேட்பது அதைத்தான்.

கொழுப்பில் உள்ள கரு சுருக்காகத் திரும்பும். வெறும் நீரில் உள்ளது ஆறுதலாகத் திரும்பும். வீக்கம் கண்ட இடத்தில் நீர் கூடுவதால் அங்கேயும் தாமதம். பிரட்டுக் கலைந்ததும் சிலர் ஓட்டமாய் மலைக்கு ஏறுவார்கள், சிலர் பேசிப் பேசி நடப்பார்கள். தூரத்தில் நின்று பார்க்கும் கங்காணிக்கு நடையைப் பார்த்தே ஆள் தெரியும். இந்தத் திரும்பும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை, நரம்பு, சவ்வு, தசை, கட்டி என்று மெஷின் பிரித்துக் காட்டுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும். எலும்புக்கு நடுவில் ஓடும் முள்ளந்தண்டு நரம்பையும், எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டையும் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ.க்கு நிகர் இல்லை.

வாடிப் போகாத ஆர்வம்

இந்த விஷயம் ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்ததல்ல. 1938இல் அமெரிக்காவில் ரபி என்பவர் கருக்களின் காந்தத்தை இந்த வழியில் அளந்தார். 1946இல் பிளாக், பர்செல் என்ற இருவர் தனித்தனியாக, நீர், மெழுகு போன்ற சாதாரணப் பொருள்களிலேயே இதைக் கண்டார்கள். அப்போதெல்லாம் இது இரசாயனக்காரர் உபயோகித்த கருவி. ஆளைப் படம் பிடிக்கும் யோசனை யாருக்கும் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு ஆராய்ச்சியை இங்கே சொல்லியாகவேண்டும். 1951இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூரியன் என்ற ஆராய்ச்சியாளர், குழாயில் தண்ணீரை ஓடவிட்டு இந்தப் பரிவை அளந்து பார்த்தார். நிற்கும் தண்ணீருக்கு ரேடியோ அலையைப் பலமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கருக்கள் களைத்துவிட்டது போலாகிப் பதில் குறையும். ஓடும் தண்ணீரில் அப்படியில்லை. களைத்தவை போக, புதியவை வந்துகொண்டே இருப்பதால் பதில் பலமாக வருகிறது. மதியம் களைத்த செட்டை அனுப்பிவிட்டுப் புது செட்டை மலையில் இறக்கினால் கொழுந்து கூடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் தண்ணீர் ஓடும் வேகத்தையும் அறியலாம்.

குழாயில் ஓடும் தண்ணீர் என்றால் என்ன? நம் உடம்பில் அது இரத்தம் அல்லவா! 1959இல் அமெரிக்காவில் சிங்கர் என்பவர் எலியின் வாலில் இரத்தம் ஓடும் வேகத்தைக் காந்தப் பரிவால் அளந்தார். இன்று மருந்து ஏற்றாமலே மூளையின் இரத்தக்குழாய்களை எம்.ஆர்.ஐ.யில் படமாக எடுக்கிறார்கள். அதில் ஒரு முறைக்கு ஆதாரமாக இருப்பது, புதிதாக ஓடிவரும் இரத்தம் பலமாகப் பதில் சொல்லும் இந்த இயல்புதான். பெங்களூர்க் குழாய்த் தண்ணீர் வீண்போகவில்லை. அந்தப் பெயரை நம் பாடப் புத்தகங்களில் காணக் கிடைக்காதது எங்களுக்கு வருத்தம்தான்.

1971இல் டமாடியன் என்ற அமெரிக்க வைத்தியர், எலியின் புற்றுநோய்க் கட்டியில் கருக்கள் திரும்பும் நேரம் நல்ல சதையில் உள்ளதைவிட நீண்டது என்று அறிவித்தார். அப்படியானால் கட்டி இருப்பது தெரியும். எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வழி சொன்னவர் லாட்டர்பர். காந்தத்தை ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டியும் மறுபக்கம் கொஞ்சம் குறைத்தும் வைத்தால், ஒவ்வொரு இடமும் வெவ்வேறு ரேடியோ ஸ்டேஷனில் பதில் சொல்லும். ஸ்டேஷனைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். யோசனை உதித்தது சாப்பாட்டுக் கடையில். எழுதி அனுப்பிய கட்டுரையை ‘நேச்சர்’ சஞ்சிகை முதலில் திருப்பி அனுப்பிவிட்டது, அவர் விடாமல் போராடி 1973இல் வெளிவரச் செய்தார். முதல் படத்தில் தெரிந்தது இரண்டு சின்னக் குழாய்த் தண்ணீர் மட்டுமே. அடுத்து அவர் படம் எடுத்த உயிரினம் எது தெரியுமா? கடற்கரையில் அவருடைய மகள் பொறுக்கி வந்த ஒரு குட்டி மட்டி. இலங்கைத்துறைக் களப்பில் பிள்ளைகள் பொறுக்கும் மட்டிக்கு உறவு!

1977இல் டமாடியன் கூட்டத்தார் ஒரு ஆளின் நெஞ்சைப் படம் எடுக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் ஆயிற்று. இவ்வளவு நேரம் எந்த நோயாளி அசையாமல் இருப்பான்? நேரத்தைச் சுருக்கும் கணக்கைத் தந்தவர் இங்கிலாந்து நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மேன்ஸ்பீல்ட்.

இவரைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பதினொரு வயதுப் பரீட்சையில் தவறியவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். விஞ்ஞானம் படிக்க ஆசை என்று சொன்னபோது, அது உனக்குச் சரிவராது என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். புத்தகம் கட்டும் வேலைக்குப் போனார். பிறகு ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்தில் சிற்றூழியராகச் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து, 23 வயதில்தான் பல்கலைக்கழகம் புகுந்தார். 1978இல் முழு உடல் மெஷின் தயாரானபோது, இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்று வேறு சிலர் எச்சரித்தும், முதல் ஆளாகத் தாமே உள்ளே போய் நின்றார். 2003இல் லாட்டர்பருக்கும் இவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டமாடியனுக்குக் கிடைக்கவில்லை. அவர் கோபத்தில் பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமே போட்டார். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடுகிறார்கள், நாம் அதற்குள் போகவேண்டாம்.

என்னென்ன பார்க்கலாம்?

பாரிசவாதம் வந்தவரின் மூளையில் இரத்தம் அடைபட்ட இடத்தில், தண்ணீர் அசைந்து பரவுவது தடைப்படும். அந்த அசைவையே படம் பிடிக்கும் முறை 1980களில் உருவானது. அடைப்பு வந்த சிறிது நேரத்திலேயே இடத்தைக் காட்டிவிடும், சி.டி.யில் அது தெரியப் பல மணித்தியாலம் ஆகலாம். ஆனாலும் அவசரத்தில் முதலில் சி.டி. எடுப்பதே பெரும்பாலும் வழக்கம். அது சில நிமிஷத்தில் முடியும், இரத்தக் கசிவு உண்டா என்று உடனே சொல்லும். ‘ஏன் எங்க ஐயாவுக்குப் பெரிய ஸ்கேன் எடுக்கல்ல?’ என்று வாட்டில் சண்டை பிடிக்கவேண்டாம்.

நம் நாட்டில் தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் இரும்பு சேர்ந்துவிடும். இரும்பு கூடிய இடத்தில் காந்தப் பதில் சீக்கிரம் மங்கும். எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று அளந்து, இதயத்தில் இரும்பின் அளவை அறியும் முறையை 2001இல் லண்டன் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். இதயம் களைக்குமுன்பே மருந்தைக் கூட்ட இது உதவுகிறது.

இதைப் படித்ததும் ஒரு கேள்வி வரும். ஒரு பாட்டியம்மா எங்களிடம் கேட்டேவிட்டார்: “ரத்தத்துல இரும்பு இருக்குன்னு டிஸ்பென்சரியில சொல்றீங்களே, காந்தம் அதப் பிடிச்சி இழுக்காதா ஐயா?” நல்ல கேள்வி. இழுக்காது. இரத்தத்து இரும்பு தனித்தனி அணுவாக வேறு பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. ஆணியில் இருப்பது போலக் கூட்டமாக ஒரே திசையில் திரும்பும் இரும்பு அதில் இல்லை. ஆனால் ஒட்சிசன் உள்ள இரத்தத்துக்கும் ஒட்சிசன் குறைந்த இரத்தத்துக்கும் காந்த குணத்தில் சிறு வித்தியாசம் உண்டு. அதைக் கொண்டு மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காணும் வழியை 1990இல் ஒகாவா என்ற ஜப்பானியர் கண்டார்.

இடுப்பு வலிக்கெல்லாம் எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கொழுந்துக் கூடை தூக்கும் நம் பெண்களில் இடுப்பு வலி இல்லாதவர் குறைவு. சிலர் நகையை அடகு வைத்து, பல பத்தாயிரம் ரூபா கொடுத்துத் தனியார் இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து வருகிறார்கள். ‘தட்டு பிதுங்கியிருக்கு’ என்று எழுதியிருக்கும். உடனே வீட்டில் அழுகை, ஆபரேஷன் பேச்சு.

1994இல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு தட்டாவது பிதுங்கியிருந்தது. எல்லாத் தட்டும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. தலையில் நரை விழுவது போலத் தட்டிலும் தேய்மானம் வரும். ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று சொல்லமுடியாது. வைத்தியர் முதலில் கை வைத்துப் பார்த்து, நடக்கவிட்டு, காலைத் தூக்கிப் பார்த்துச் சொல்வதற்குத்தான் மதிப்பு.

சில அடையாளங்கள் இருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. சிறுநீர் அல்லது மலம் தெரியாமல் போவது, சிறுநீர் வராமல் கட்டுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது ஆகியவை வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முதுகு வலியோடு காய்ச்சல், உடம்பு மெலிவு, முன்பு சயரோகம் அல்லது புற்றுநோய் வந்தது என்றாலும் டிஸ்பென்சரியில் உடனே காட்டுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பெரிய உதவி.

புல்மோட்டை மணலும் ஷெல் துண்டும்

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் என்று பல தாதுக்கள் கலந்த மணல் அது. 1957 முதல் அதற்கென்று அரசாங்கக் கூட்டுத்தாபனம் இருந்தது. இப்போது லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச கம்பனி நடத்துகிறது. ஒரே நிறமாகத் தெரியும் மணலை எப்படிப் பிரிக்கிறார்கள்? காந்தத்தால்தான். இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் உண்டு, அதைப் பலமான காந்தம் இழுத்துக்கொள்ளும். ரூட்டைலும் சேர்க்கோனும் இழுபடாமல் விழுந்துவிடும்.

எல்லா உலோகமும் காந்தத்துக்கு ஒன்றல்ல என்பதை இந்த மணல் நமக்குக் காட்டுகிறது. இரும்பும் பலவகை உருக்கும் பாய்ந்து வரும். தங்கம், வெள்ளி, செம்பு பாயாது. தைத்தேனியமும் பாயாது. எலும்பு முறிவுக்கு இப்போது வைக்கும் தகடும் ஆணியும் பல தைத்தேனியத்தில் செய்யப்படுவதால், அப்படிப்பட்டவர்களை வைத்தியர் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.க்கு அனுமதிப்பார். புல்மோட்டை மணல் கப்பலேறிப் போகும் சரக்கு. அதில் உள்ள தைத்தேனியத்தின் குணம் நம் வீட்டுக்காரர் ஒருவரின் காலில் வந்து பயன்படுகிறது என்றால் யோசிக்க வேடிக்கையாக இருக்கிறது.

ஷெல் துண்டு அப்படியல்ல. அது பெரும்பாலும் உருக்கு. துப்பாக்கிச் சன்னத்தில் ஈயமும் செம்பும் இருக்கும், உருக்கு கலந்ததும் உண்டு. எது என்று தழும்பைப் பார்த்துச் சொல்லமுடியாது. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் அதிகம். சதையில் பல வருஷம் இறுகிக் கிடக்கும் துண்டு அசையாமலும் இருக்கலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றின் அருகே இருந்தால் கொஞ்சம் திரும்பினாலே ஆபத்து. அதனால்தான் முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்க்கிறார்கள்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஸ்டோரில் வெல்டிங் வேலை செய்தவர்கள், கிரைண்டரில் கவ்வாத்துக் கத்தி தீட்டியவர்கள், எப்போதாவது கண்ணில் ‘பொறி’ பட்டிருந்தால் சொல்லியே ஆகவேண்டும். கண்ணுக்குள் இரும்புத் துகள் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவருக்கு அந்தத் துகள் அசைந்து இரத்தம் கசிந்து பார்வை போன சம்பவம் 1986இல் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. இத்தனைக்கும் துகள் பட்டது பல வருஷத்துக்கு முன்பு.

கூடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான எம்.ஆர்.ஐ. காந்தம் மைனஸ் 269 பாகைக் குளிரில் திரவ ஹீலியத்துக்குள் இருப்பது. அதற்கு ஓய்வே கிடையாது. படம் எடுக்காத நேரமும், ராத்திரியும், கரண்ட் போனாலும் காந்தம் காந்தம்தான். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த ஒரு வாலிபர் ஒட்சிசன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். சிலிண்டரோடு அவரையும் காந்தம் இழுத்துக்கொண்டது, உயிர் போயிற்று. 2001இல் அமெரிக்காவில் மெஷினுக்குள் படுத்திருந்த ஆறு வயதுப் பிள்ளை, உள்ளே கொண்டுவந்த சிலிண்டர் பாய்ந்ததால் இறந்தது. மெஷின் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று எட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

போகும் நாள்

சேலையில் குத்திய ஊக்கு, தலையில் கிளிப், இடுப்பில் வெள்ளி அரைஞாண், கையில் தாயத்து, மூக்குத்தி, மெட்டி, சாவி, போன், சில்லறை எல்லாம் வெளியே கழற்றி வைக்கவேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராத அம்மாமார் முதல் நாளே வீட்டில் பெரியவர்களோடு பேசி மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டால் அங்கே நின்று கண்கலங்க வேண்டியதில்லை. இதயத்துக்குப் பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் கருவி வைத்தவர்கள் அந்தக் கார்டைக் கட்டாயம் கொண்டுபோகவேண்டும். சில வகைக்கு அனுமதி உண்டு, சில வகைக்கு அறவே இல்லை. லூப் போட்டவர்களும் சொல்லுங்கள். செம்பு லூப்புக்கு வழமையாகத் தடையில்லை. கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும் சொல்லவேண்டும்.

சிலருக்கு நரம்பில் கடோலினியம் என்ற மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இதன் சில வகைகளால் தோல் இறுகும் நோய் வரும் என்று 2006இல் தெரியவந்தது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிவோம். அங்கே உறவினர் இருப்பவர்கள் இதையும் சொல்லி வையுங்கள்.

உள்ளே குழாய் போல ஒடுக்கமாக இருக்கும். சத்தம் தகரத்தில் அடிப்பது போலக் கேட்கும். காந்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வரும் சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை. காதுக்கு அடைப்பான் தருவார்கள். அரை மணி, முக்கால் மணி அசையாமல் கிடக்கவேண்டும். கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், மூச்சு முட்டுவது போலிருந்தால் அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். இப்போது 0.064 டெஸ்லா மட்டுமே பலமுள்ள, கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து சாதாரண பிளக்கில் மாட்டும் மெஷினும் வந்திருக்கிறது. 2020இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. மூளையைப் பார்க்க மட்டும்தான், படமும் அவ்வளவு தெளிவில்லை. ஆனாலும் தூரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒருநாள் அது வரும் என்று நம்புகிறோம்.

நம் இலங்கைத்துறை மருமகனுக்கு அன்று எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடையில் அரிசி அளவில் ஒன்று. முதுகில், முள்ளந்தண்டுக்கு மிகக் கிட்ட, சோளவிதை அளவில் இன்னொன்று. வைத்தியர் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று சொல்லி சி.டி. எடுப்பித்தார். தட்டு நரம்பை அழுத்துவது அதிலேயே போதிய அளவு தெரிந்தது. ஆபரேஷன் இல்லாமல் பிசியோதெரபியும் மருந்துமாக ஐந்து மாதத்தில் கால் மரப்பு குறைந்தது. துரையிடம் பேசிச் சாக்குத் தூக்கும் வேலையிலிருந்து எடுத்து, இப்போது வாட்டும் தட்டில் நிற்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “சேர், நீங்க கேட்ட மாதிரிக் கேட்டா நான் இன்னும் இல்லண்டுதான் சொல்லுவன்” என்றார் சிரித்துக்கொண்டே. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எக்ஸ்ரேயை மடிக்காமல் பொலித்தீன் உறையில் போட்டு, துண்டு உள்ள இடத்தை எழுதிய வைத்தியரின் கடிதத்தோடு பெட்டியில் வைத்திருக்கிறார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதையும் கொண்டுபோகிறார்.

இந்த மாதத்திலிருந்து டிஸ்பென்சரிக் கார்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ‘உலோகம் உண்டா’ என்று அதில் இல்லை. ‘வெடி, ஷெல், சன்னம் பட்டதுண்டா? கண்ணில் இரும்புப் பொறி பட்டதுண்டா? ஆபரேஷனில் தகடு, ஆணி, கிளிப் வைத்ததுண்டா?’ என்று இருக்கிறது. சொல்வதை வைத்தியத்துக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்கமாட்டோம். கார்டும் டிஸ்பென்சரி அலுமாரியை விட்டு வெளியே போகாது. நாலுபேர் முன்னால் சொல்ல விருப்பமில்லாதவர்கள் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பின்னேரம் தனியாக வரலாம். பெண்களிடம் மிஸ்ஸி கேட்டு எழுதுவார்.